கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் கட்டற்ற மென்பொருள் ஓடுமா?

வாசகர் ஒருவர் – ஜூலை 22, 2025

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு வாருங்கள் என்று எழுதுகிறவர்கள் யாரும் டிடிபி கடை வைத்தவர்கள் இல்லை. வீட்டில் கடிதம் தட்டவும் படம் பார்க்கவும் சரி. பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர், படம் வரையக் கோரல், புகைப்படம் திருத்தப் போட்டோஷாப், இந்த மூன்றும் இல்லாமல் ஒரு முகூர்த்த மாதம் கடையை ஓட்டிக் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன். அக்டோபரோடு விண்டோஸ் 10 முடிகிறது. என் கடையில் இருப்பது பழைய ஐ3 கணினிப் பெட்டிகள், விண்டோஸ் 11 ஏறாது. வழி இருந்தால் சொல்லுங்கள். உபதேசம் வேண்டாம்.

ஜூலை 23, 2025

டிடிபி கடைதான் வைத்திருக்கிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர், தாலுகா அலுவலகத் தெரு, இருபத்திரண்டு வருடம். பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பதில்தான் இன்னும் கையில் இல்லை.

முதலில் ஒரு பொய்யைக் கழித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் என்கிறீர்கள். நம் தெருவில் யார் காசு கொடுத்து வாங்கினார்கள்? 2003இல் எனக்குக் கணினி பொருத்திக் கொடுத்தவர் பேஜ்மேக்கரையும் கோரலையும் கூடவே போட்டுக் கொடுத்தார். "சாஃப்ட்வேர் போட்ட கூலி" என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் கிராக், பூட்டை உடைத்த திருட்டு நகல். ஆகவே மாறினால் மிச்சமாகும் பணம் பூஜ்யம். இதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பேச்சைத் தொடங்குவதில் அர்த்தம் இல்லை.

பிறகு எதற்கு மாறுகிறேன்? போன வருடம் ஒரு பெட்டியில் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திரையில் நின்றது. அதற்கு முந்தின வாரம் நான் இறக்கிய ஒரு கிராக் கோப்போடுதான் அது வந்திருக்க வேண்டும். போனது என் கோப்புகள், சரி. ஆனால் அந்தப் பெட்டியில் ஊர்க்காரர்களின் ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் நகல் எல்லாம் இருந்தன. அன்றைக்குத்தான் வயிறு கலங்கியது.

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. கூழ் ஊற்றும் நோட்டீஸ் தவிர வேலை இல்லை. பதினெட்டாம் பெருக்கு கழிந்தால்தான் ஆவணிப் பத்திரிகைகள் வர ஆரம்பிக்கும். மூன்று பெட்டிகளில் ஒன்றில் விண்டோஸை எடுத்துவிட்டுக் கட்டற்ற லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். நடப்பதை இங்கேயே எழுதுகிறேன், தோற்றாலும் எழுதுகிறேன்.

ஜூலை 24

சுலபமானதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். படம் பார்க்க விஎல்சி, உலாவ ஃபயர்பாக்ஸ், கடிதம் தட்ட லிப்ரே ஆபீஸ், ஸ்கேன் செய்ய நாப்ஸ்2. ஒரு காலை நேர வேலை. இதற்கெல்லாம் ஒரு தொடர் எதற்கு.

ஒன்று மட்டும். நாற்பது நாள் சோதனைக் காலம் முடிந்தது, தயவுசெய்து வாங்குங்கள் என்று கோப்புகளைச் சுருக்கும் விண்ராரின் அந்த அறிவிப்பு என்னிடம் பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை, கதவைச் சாத்தியதும் இல்லை. மற்ற இரண்டு பெட்டிகளிலும் அதற்குப் பதில் நேற்று 7-ஜிப் போட்டேன். திரையில் அது வராதது ஒரு மாதிரி இருக்கிறது.

ஜூலை 29

இலவசம், கட்டற்றது இரண்டும் ஒன்றுதானே, எதற்கு வார்த்தை விளையாட்டு என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். ஒன்று இல்லை. தமிழ் தட்ட உதவும் என்எச்எம் ரைட்டர் இலவசம், ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதே வேலை செய்யும் இ-கலப்பையும் இலவசம், அதன் மூலநிரலையும் நாம் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். கடைக்காரனுக்கு இந்த வித்தியாசம் எப்போது உறைக்கும் என்றால், செய்தவர் நிறுத்திவிட்டுப் போன பிறகு.

இந்தக் கதை தொடங்கியதே ஒரு பிரிண்டரில் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வருகிறது. காகிதம் சிக்கினால் சொல்லாது. ஆட்கள் நடந்து போய்ப் பார்த்தால் அவர்கள் கொடுத்த வேலை அப்படியே நிற்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்கு முந்தைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்கள் திரையில் செய்தி வரும்படி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படியே செய்யலாம் என்றால் மூலநிரல் இல்லை. நிரல் வைத்திருந்த ஒரு பேராசிரியரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். 1983இல் கட்டற்ற மென்பொருளுக்காகக் குனு திட்டத்தை அறிவித்த மனிதரின் மனத்தில் இந்தக் கோபம் இருந்தது.

நாற்பத்தைந்து வருடம் கழித்து, நேற்று சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை, என் கடையிலும் பிரிண்டர்தான். எல்லா ஜெராக்ஸ் கடையிலும் இருக்கிற அந்தச் சின்ன லேசர் பிரிண்டர். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அதற்குள் நிரந்தர நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போட்டதும் கணினிதான் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள்நிரலை, அதற்கு ஊற்ற வேண்டும். அந்தக் கோப்பு கட்டற்றது இல்லை, தனியாக இறக்க வேண்டும். இறக்கினேன், ஊற்றினேன், பச்சை விளக்கு எரிந்தது, தாள் வரவில்லை.

ஜூலை 30

மேலே எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஃபர்ம்வேர் சரியாகத்தான் போயிருக்கிறது. யுஎஸ்பி கம்பியை எலி கடித்திருந்தது. புதுக் கம்பி நூற்றிருபது ரூபாய்.

ஆகஸ்ட் 5

இனிமேல்தான் உண்மையான சண்டை.

இத்தனை நாள் பேஜ்மேக்கர் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல். எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற யூனிகோடு என்றால் அதற்கு என்னவென்று தெரியாது. அதனால் நாம் எல்லோரும் செய்தது ஒரு தந்திரம்: ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள். பாமினி, வானவில், செந்தமிழ் என்று எத்தனையோ. பாமினியில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி மாதிரி ஒரு உருவம் திரையில் விழும். கணினியைக் கேட்டால் அது அரைப்புள்ளி என்றுதான் சொல்லும். அதற்கு நாம் தமிழ் தட்டியதே தெரியாது. எழுத்துருவை உருவிவிட்டால் "அம்மா"கூட ஆங்கிலமும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை.

ஆக, கயிறு பாமினி கையில் இருக்கிறது. மென்பொருளை ஒரு நாளில் மாற்றலாம். என் பழைய டிஸ்க்கில் ஏழாயிரத்துச் சொச்சம் கோப்புகள், அத்தனையும் ஆங்கில வேஷம் போட்ட தமிழ். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. கோட்டையிலிருந்து என் கடைக்கு அந்த அரசாணை வந்து சேரப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்தது கை. என் கடையில் தட்டுகிற அக்கா தட்டச்சு ஹையர் முடித்தவர். திரையைப் பார்க்க மாட்டார், தாளை மட்டும் பார்ப்பார், வாய் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் ஓடும். லினக்ஸில் தமிழ் விசைப்பலகைகளின் பட்டியலைக் காட்டினேன். தட்டச்சு அமைப்பு, தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாம் இருக்கிறது. தட்டச்சு அமைப்பில் உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். "தம்பி, தெரிஞ்ச வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு, ஆனா கட்டில எடம் மாத்தி வச்சிருக்காங்க. இருட்டுல இடிக்குது."

அப்படியானால் முழுசாகவே புதிதாகக் கற்றுக்கொள்ளலாம் என்று தமிழ்99. மெய் முதலில், பிறகு உயிர்: க, அப்புறம் ஒ, திரையில் கொ. ஒற்றைக்கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று தட்டல் வேண்டாம். க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானே புள்ளி விழும். ந-வும் த-வும் சேர்ந்தால் ந்த. முதல் நாள் கீபோர்டைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனவர், மூன்றாம் நாள், "அட, புள்ளி தானா விழுதே, எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். வேகம் இன்னும் பழையதில் பாதிதான். அவர் அதைச் சொல்லவில்லை, நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

"பாமினியை யூனிகோடாக்க ஒரு சொடுக்குப் போதுமே, இதற்கு இவ்வளவு புலம்பலா?" என்று ஒருவர். போதும். ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நூலகத்தில் அந்த வசதி இருக்கிறது, இணையத்தில் ஒட்டி மாற்றுகிற பக்கங்களும் ஏராளம். கொம்பு, கால் எல்லாம் ஒழுங்காகச் சேர்கின்றன.

நேற்று மாற்றியது ஆவணி இரண்டாவது முகூர்த்தத்துக்கான பத்திரிகை. பழைய மாதிரியிலிருந்து எடுத்து, சொடுக்கி, பெயர்களைத் திருத்தி, புரூஃப் கொடுத்தேன். பெண்ணின் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "ஏங்க, மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி டீ.நு. என்று போட்டிருக்கே, அது என்ன படிப்பு?"

மாப்பிள்ளை பி.இ. பழைய கோப்பில் அந்த இரண்டு எழுத்து மட்டும் ஆங்கில எழுத்துருவில் இருந்தது. மாற்றிக்கு எழுத்துரு எது என்று தெரியாது. பாமினி கணக்கில் ஆங்கில பி இருக்கும் இடத்தில் டீ, ஈ இருக்கும் இடத்தில் நு. கடமை தவறாமல் மாற்றிவிட்டது. பக்கத்து வரியில் மின்னஞ்சல் முகவரி இருந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அக்கா இன்று காலையிலிருந்து எல்லோரையும் டீ.நு. போட்டுத்தான் கூப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 19

எழுதக் கை வரவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

கோரலுக்குப் பதில் இங்க்ஸ்கேப். பிள்ளையார், குத்துவிளக்கு, நாதஸ்வரம் எல்லாம் வரைய அருமை. கோட்டின் நோடுகளை, அதாவது வளைவுப் புள்ளிகளை, பிடித்து இழுக்கும்போது கோரலை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு பத்திரிகையை முழுக்க அதிலேயே போட்டு, பிடிஎஃப் ஆக்கி, ஆப்செட் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். நானூறு பத்திரிகை.

மறுநாள் மதியம் அச்சகத் தம்பி போன் செய்தார். "அண்ணே, கருப்ப நாலு பிளேட்லயும் போட்டு அனுப்பியிருக்கீங்க. நான் கவனிக்கல, ஓட்டிட்டேன்."

போய்ப் பார்த்தேன். பிள்ளையார் பளிச்சென்று இருந்தார். கீழே "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்கிற ஒன்பது புள்ளி எழுத்து ஒவ்வொன்றுக்கும் இடப் பக்கம் ரோஸ், வலப் பக்கம் நீலம், தலைமுடி அளவு நிழல். தூரத்தில் பார்த்தால் தெரியாது. கையில் வைத்துப் படித்தால் கண் கூசும். பத்திரிகையை எல்லோரும் கையில் வைத்துத்தானே படிப்பார்கள்.

என்ன நடந்தது என்றால், இங்க்ஸ்கேப் அடிப்படையில் திரைக்கு வரைகிற மென்பொருள். அதன் பிடிஎஃப்பில் கருப்பு என்பது சிவப்பு, பச்சை, நீல ஒளி மூன்றும் இல்லாத நிலை. அச்சகத்தின் கணினி அதை மைக்கு மாற்றும்போது சயான், மஜந்தா, மஞ்சள், கருப்பு நான்கையும் கலந்து ஒரு கருப்பைச் செய்துவிட்டது. பெரிய படத்துக்கு அதில் தோஷமில்லை. சின்ன எழுத்தில் நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால்தான் உண்டு, அது எந்த மிஷினிலும் முடியாது. எழுத்துக்குக் கருப்பு மை நூறு சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம் என்று இருந்திருக்க வேண்டும். கோரலில் இருபது வருடமாகப் பழக்கத்தில் அப்படியே வைத்துவந்தேன், ஏன் வைக்கிறோம் என்று யோசித்ததே இல்லை.

மறுபடி அடித்துக் கொடுத்தோம். செலவு என்னுடையது, மூவாயிரத்து இருநூறு ரூபாய். முதல் குறிப்பில் மிச்சமாகும் பணம் பூஜ்யம் என்று எழுதினேன் அல்லவா, இப்போது கழித்தலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 20

இங்க்ஸ்கேப்பைக் குறை சொல்லியிருப்பதாக இரண்டு பேர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் அப்படித்தான் தொனிக்கிறது. பிழை என்னுடையது. பக்கம் அமைக்க வேண்டிய வேலையைப் படம் வரைகிற இடத்தில் செய்தேன்.

சரியான வழி, பக்கம் அமைப்பதற்கென்றே உள்ள ஸ்கிரைபஸ். நான் அதைத் தவிர்த்ததற்கு ஒரு பழைய கசப்பு காரணம். பத்து வருடத்துக்கு முன் 1.4 பதிப்பில் தமிழ் ஒட்டிப் பார்த்தபோது கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, நடுவில் புள்ளிவட்டம் வேறு. அத்தோடு மூடிவிட்டேன். 2017இல் வந்த 1.5.3இலிருந்து அது சரியாகிவிட்டிருக்கிறது. ஓமன் நாட்டில் ஒரு குழு அரபி எழுத்துக்காகச் செய்த வேலை அது. எழுத்தைச் சேர்த்துக் காட்டும் பொறியையே மாற்றியதால் தமிழும் நேராகிவிட்டது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6தான் இப்போதைய நிலையான வரிசை. அதைப் பார்த்துப் போடுங்கள், பழையதைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இப்போது இப்படிச் செய்கிறேன். படங்கள் இங்க்ஸ்கேப்பில், எஸ்விஜி என்ற படக் கோப்பாக. அதை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து நிறங்களை மை சதவீதத்தில் வைக்கிறேன். எழுத்து முழுக்க ஸ்கிரைபஸில். அனுப்பும் முன் அச்சு முன்னோட்டத்தைத் திறந்து சயான், மஜந்தா, மஞ்சள் மூன்றின் டிக்கையும் எடுத்துவிட்டுக் கருப்பை மட்டும் பார்க்கிறேன். எழுத்து அத்தனையும் அப்படியே நிற்க வேண்டும். பிறகு கருப்பை அணைத்துவிட்டு மற்ற மூன்றைப் பார்க்கிறேன். எழுத்தின் சுவடுகூட இருக்கக் கூடாது. அப்புறம்தான் அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ. பழைய நாளில் டிரேசிங் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போமே, அதே வேலைதான்.

ஆகஸ்ட் 21

பிளெக்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: பிளெக்ஸ் கடைக்காரர் கோரலின் சிடிஆர் கோப்பைக் கொடுங்கள் என்பார், ஜேபெக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் போதும். மார்ச்சில் வந்த 3.0இல் நிழல், மங்கல் மாதிரி விளைவுகளைப் போட்ட பிறகும் திருத்த முடிகிறது. கண்ணீர் அஞ்சலிக்கு இரவு பத்து மணிக்குப் போட்டோவோடு வந்து நிற்பார்கள், காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கட்ட வேண்டும். பெயரை மாற்றச் சொல்லி மூன்று தடவை போன் வரும். அந்த நேரத்தில் திரும்பத் திருத்த முடிவது பெரிய ஆறுதல்.

செப்டம்பர் 3

பாஸ்போர்ட் போட்டோ. இதில் நான் ஜெயித்தேன் என்று மார்தட்டிக்கொள்ள அனுமதியுங்கள்.

நாலுக்கு ஆறு தாளில் எட்டு போட்டோ. போட்டோஷாப்பில் ஒன்றை வெட்டி, ஏழு தடவை நகலெடுத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்து, ஆளுக்கு நாலு நிமிடம். இதற்கென்று ஒரு ஆக்‌ஷன், அதாவது தானே ஓடும் கட்டளை வரிசை, எழுதி வைத்திருந்தேன், கிராக்கை மாற்றும்போதெல்லாம் அது காணாமல் போகும்.

இப்போது இமேஜ்மேஜிக். ஜன்னலே இல்லாத மென்பொருள், ஒரு வரிக் கட்டளை. கணக்கு நேரானது: 35க்கு 45 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 413க்கு 531. தாள் 1800க்கு 1200. குறுக்கே நாலு, நெடுக்கே இரண்டு. மிச்ச இடம் கத்தரிக்கு. அதை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்தேன். முகத்தை கிம்பில் வெட்டிச் சேமித்தால் போதும், தாள் தானே தயாராகி பிரிண்டருக்குப் போகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அறுபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முன்பென்றால் ஒரு மதியம் முழுக்கப் போகும். முக்கால் மணியில் முடிந்தது.

கடைசி வரிசைப் பையன் கேட்டான், "அண்ணா, நீங்க ஹேக்கரா?" கருப்புத் திரையில் எழுத்து ஓடியதைப் பார்த்துவிட்டான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. மூன்று பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். லினக்ஸ் பெட்டிக்கு மட்டும் அக்கா கூடுதலாக ஒரு பொட்டு வைத்தார். பாசமா பயமா தெரியவில்லை.

அக்டோபர் 14

இன்றோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இற்றைகள் நிற்கின்றன. இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு இற்றை வாங்கிக்கொள்ள ஒரு நீட்டிப்பு இருக்கிறது; அவசரத்தில் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

கணக்கு இப்படி: மூன்றில் இரண்டு பெட்டி லினக்ஸ். மூன்றாவது விண்டோஸ்தான், அப்படியேதான் இருக்கும். அதில் கணக்கு எழுதும் டேலி. பக்கத்து உரக்கடைக்கும் மளிகைக்கும் நான் ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். குனுகேஷ் நல்ல மென்பொருள், என் வீட்டுக் கணக்கு இப்போது அதில்தான். ஆனால் ஆடிட்டர் கேட்பது டேலி கோப்பு. அவரிடம் போய்க் கட்டற்ற தத்துவம் பேச முடியாது. இதற்கு உரிமம் வாங்கிவிட்டேன், முறைப்படி. இருபத்திரண்டு வருடத்தில் நான் காசு கொடுத்த முதல் மென்பொருள். கட்டற்றதுக்கு மாறப் புறப்பட்டவன் அங்கே வந்து நிற்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

நவம்பர் 9

ஜெர்மனியின் மியூனிக் நகரமே லினக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டது, நீங்கள் எம்மாத்திரம் என்று எழுதியிருக்கிறார் முதல் கேள்வி கேட்டவர். உண்மை. 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறக்குறைய 15,000 பெட்டிகளை மாற்றி, 2017இல் நகர சபை திரும்ப விண்டோஸ் என்று தீர்மானித்தது. ஆனால் அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் சுமார் 30,000 பெட்டிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அவ்வளவு தூரம் எதற்கு? கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள், பல வருடமாக.

நம் ஊர்க் கதை எனக்கு நேரடியாகத் தெரியும். அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் செய்தது. பிள்ளைகள் என் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, இந்த பாஸை எடுத்துட்டு அந்த இடத்தையும் படம் போட வச்சிக் கொடுங்க." எத்தனை மடிக்கணினியில் எடுத்துக் கொடுத்தேன் என்று கணக்கில்லை. ஒன்றுக்கு நூறு ரூபாய் வாங்கினேன். அன்றைக்கு ஒரு பிள்ளையையாவது உட்கார வைத்து இதில் என்ன இருக்கிறது என்று காட்டியிருக்கலாம். எனக்கே தெரியாது, எதைக் காட்டுவது.

டிசம்பர் 11

அரையாண்டுத் தேர்வு. டியூஷன் சென்டர் வினாத்தாள்கள் குவிகின்றன. வேர்டில் செய்து கொண்டுவருகிற கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்தால் நாலு பக்கம் நாலேகால் பக்கமாகிறது. எல்லோரும் உடனே லிப்ரே ஆபீஸைத் திட்டுவார்கள். நானும் திட்டினேன், ஒரு மணி நேரம். பிறகு பார்த்தால் கோப்பில் இருப்பது லதா எழுத்துரு. அது விண்டோஸோடு வருவது, லினக்ஸில் இல்லை. வேறொன்றை வைத்து நிரப்புகிறது, அதன் எழுத்து கொஞ்சம் அகலம், வரி வழிகிறது, பதினேழாவது கேள்வி அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது.

ஆசிரியர்களிடம் நோட்டோ தமிழ், முக்த மலர் இரண்டையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டுமே கட்டற்ற உரிமம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இந்த வரியை எழுதும்போது ஒரு சந்தோஷம் வந்தது: வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எழுத்துருவைத் திருடாமல் கொடுத்தேன்.

டிசம்பர் 12

அழகான தமிழ் எழுத்துரு கட்டற்றதில் கிடையாது என்பவர்களுக்கு: கவிவனர், பவனம், பாலூ தம்பி, கேட்டமரன். பத்திரிகைத் தலைப்புக்குப் பாலூ தம்பி கொஞ்சம் குண்டு. காதுகுத்துக்குப் பொருந்தும்.

ஜனவரி 18, 2026

பொங்கல் முடிந்தது, தை முகூர்த்தங்கள் ஓடுகின்றன. "எவ்வளவு மிச்சம், ஒரே வரியில் சொல்லுங்கள்" என்கிறார் ஒருவர்.

ஒரே வரியில் வராது. பத்திரிகை மறுஅச்சு 3,200. யுஎஸ்பி கம்பி 120. டேலி உரிமம். அக்காவுக்குத் தமிழ்99 பழகிய ஒரு மாதத்தில் நான் திருப்பி அனுப்பிய வேலை, ஒரு பத்தாயிரம் இருக்கும். வரவு: இரண்டு புதுப் பெட்டி வாங்காமல் தப்பித்தது. அதுதான் பெரிய தொகை. அதையும் பணமாக நான் பார்க்கவில்லை, வராத செலவை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்.

வேகம் திரும்பிவிட்டது. அக்கா தமிழ்99இல் பழைய வேகத்தைத் தாண்டிவிட்டார் என்று எழுதலாம் என்று நினைத்தேன், அவரிடமே கேட்டேன். "தாண்டலாம் இல்ல தம்பி, கிட்டக்க வந்திருக்கேன். அவசர வேலைன்னா இன்னமும் கை பழைய இடத்துக்குத்தான் ஓடுது."

ஆகஸ்டில் நான் கயிறு பாமினி கையில் என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். மாற்றி எழுத வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பழைய ஏழாயிரம் கோப்பையும் மாற்ற வேண்டும் என்று அப்போது பயந்தேன். இந்த ஆறு மாதத்தில் யாராவது கேட்டு வந்து திறக்க வேண்டியிருந்தது பதினொரு கோப்பு.

பிப்ரவரி 4, 2026

பன்னிரண்டாவது இன்று வந்தது.

ஒரு அம்மா, கையில் பழைய பத்திரிகை, ஓரமெல்லாம் மஞ்சள். அவர் அப்பாவுக்கு 2005இல் மணிவிழா, பத்திரிகை என் கடையில் அடித்தது. இப்போது சதாபிஷேகம். "அதே மாதிரி, அதே வாசகம் வேணும். அப்பா அதுல ஒரு எழுத்த மாத்த விடமாட்டேங்கிறாரு."

கோப்பு ஒரு சிடியில் இருந்தது. சிடி டிரைவ் மூன்றாவது பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது, நல்லவேளை டேலிக்காக அதை வைத்திருந்தேன். பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரே ஆபீஸ் டிராவில் திறக்க முடியும் என்று படித்திருந்தேன், முயன்றதில்லை. திறந்தது. பார்டர் இல்லை, பிள்ளையார் இல்லை, பெட்டிகள் தாறுமாறு. எழுத்து மட்டும் முழுசாக இருந்தது, பாமினி வேஷத்தில். எடுத்து மாற்றியில் போட்டேன். "நிகழும் மங்களகரமான பார்த்திப வருடம்" என்று திரையில் தமிழாகவே எழுந்து வந்தது. பார்த்திப என்பதை அடித்துவிட்டு விசுவாவசு என்று அக்கா தட்டினார்.

அந்த அம்மா பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். பெயர்ப் பட்டியலில் ஒரு இடத்தில் நின்றார். 2005இல் அழைத்தவர்கள் வரிசையில் இருந்த அவருடைய சித்தப்பா இப்போது இல்லை. அந்த வரியை என்ன செய்வது என்று அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் போன் செய்யவில்லை. கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன்.